கல்லில் பதிந்த கண்

ஆரணி பஜாரில் இருந்த அந்தக் கண்ணாடிக் கடைக்காரர், எங்களைப் போன்ற நெசவாளிகளுக்கு எழுத்துப் பலகையைக் காட்டமாட்டார். தறிக்கும் கண்ணுக்கும் உள்ள தூரத்தில் ஒரு பட்டு இழையை நீட்டி, "தெரியுதுங்களா?" என்பார். ஒல்லியான விரல்கள். மேஜைமேல் பூச்சி பதிந்த கல் ஒன்று இருந்தது. அதை ஓயாமல் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க இது?" என்றேன்.

"பழங்காலத்துக் கடல் பூச்சிங்க. உயிரோட இருக்கும்போதே இதுக்குக் கண்ணு கல்லு. மூட இமையும் கெடையாது. இந்தக் கூட்டத்துல மொதல்ல ஒண்ணுக்குப் பார்வை வந்திருக்கும் பாருங்க, அது எல்லாத்தையும் பாத்துகினு இருந்திருக்கும். மத்ததுக்குக் கண்ணில்லாததால அதப் பாக்கத்தான் ஆளில்ல."

சேவூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், புதுக் கண்ணாடியில் டிக்கெட்டின் பொடி எழுத்துகூடப் பளிச்சென்று தெரிந்தது. அப்போதுதான் உறைத்தது. இழையைப் பார்த்தேன், கல்லைப் பார்த்தேன். அவர் முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கவேயில்லை.