திரை வராத வெள்ளிக்கிழமை

அந்த வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் பொத்தானை ஏழெட்டு முறையாவது அழுத்தியிருப்பேன். பெட்டிக்குள் விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. முன்பக்க நீல விளக்கும் எரிந்தது. திரை மட்டும் கறுப்பாகவே கிடந்தது. கொஞ்சம் பொறுத்து உள்ளேயிருந்து நீளமாக ஒரு 'பீப்' வந்தது. பிறகு இன்னொன்று. விட்டு விட்டு அது கத்திக்கொண்டே இருந்தது.

எங்கள் தெருவில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் பத்திரிகை வாசகத்தை நான்தான் அடித்துக் கொடுப்பேன். பூ வரைவது, ஓரத்துக்குக் கொடி போடுவது எல்லாமே என் வேலைதான். அன்றைக்கு அடுத்த தெருப் பெண்ணின் நிக்காஹ் பத்திரிகை முடிந்து தயாராக இருந்தது, அந்தப் பெட்டிக்குள். மாலையில் அவர்கள் அதை அச்சகத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

"மண்டையில ரெண்டு தட்டு தட்டேன். பழைய டிவி அப்படித்தானே வந்துச்சு" என்றார் உம்மா.

தட்டினேன். என் கைதான் வலித்தது.

ஒரு போன் செய்தால் போதும், என்ன கோளாறு என்று சொல்ல ஆள் இருந்தது. என் கணவர் குவைத்தில் ஒரு கடையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர். இந்தப் பெட்டியே முன்பு ஒரு லீவில் வந்தபோது அவர் ஒவ்வொரு பாகமாக வாங்கிக் கோத்ததுதான். ஆனால் அவரைக் கூப்பிட எனக்கு மனமில்லை. முந்தைய வருடம் வருவதாகச் சொன்னார், வரவில்லை. இந்த வருடமும் லீவு கிடைக்காது என்று பத்து நாளைக்கு முன்னால் சொல்லிவிட்டார். நான் கத்தினேன், அவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு எங்கள் பேச்சு 'சாப்பிட்டியா', 'சாப்பிட்டேன்' என்கிற அளவில் நின்றுபோயிருந்தது. வீடியோவில் வருவதையும் அவர் எப்போதோ குறைத்திருந்தார். முகத்தைக் காட்டக்கூடப் பிடிக்கவில்லை போல என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மதியம் வரை வீம்பாக இருந்தேன். மூன்று மணிக்குக் கல்யாண வீட்டிலிருந்து ஆள் வந்து, "முடிஞ்சிருச்சா லாத்தா?" என்று கேட்டுவிட்டுப் போன பிறகு போனை எடுத்தேன். அங்கே ஜும்ஆ தொழுகை முடிந்திருக்கும்.

"கம்ப்யூட்டர் வரல மச்சான்" என்றேன், வேறெதுவும் கேட்காமல்.

"வரலன்னா? லைட்டு எரியுதா?"

"எரியுது. ஃபேனும் ஓடுது. பீப் பீப்னு சத்தம் போடுது."

"போனைப் பெட்டிகிட்ட வைய்யி புள்ள. பேசாத."

வைத்தேன். அவர் மூன்று பீப் வரை கேட்டார்.

"ரேம்தான். வேற ஒண்ணுமில்ல. கடல்காத்து, உப்பு ஏறியிருக்கும். கழட்டித் துடைச்சா சரியாயிரும்."

"யாரு கழட்டுறது?"

"நீதான்."

தையல் மெஷினைத் தவிர எதையும் நான் திறந்ததில்லை. முதலில் பிளக்கைப் பிடுங்கச் சொன்னார். பிறகு பொத்தானைப் பத்து எண்ணும்வரை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். மிச்சம் மீதி கரண்ட் இருந்தால் போய்விடுமாம். பின்பக்கம் இரண்டு திருகாணி. கழற்றிப் பக்கத் தகட்டை இழுத்தேன். உள்ளே பஞ்சு பஞ்சாகத் தூசி. ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டுக் கை வை என்றார், உடம்பில் இருக்கிற கரண்ட் அதில் இறங்கிவிடுமாம். உம்மா முற்றத்து வாசலில் நின்று, "ஷாக் அடிக்கப் போவுது, பிஸ்மி சொல்லித் தொடு" என்றார்.

"எனக்கு எது ரேம்னு தெரியல. வீடியோவுல வாங்க, காட்டுறேன்."

அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு வந்தார். முகம் வரவில்லை. போனைக் கண்ணோடு ஒட்டி வைத்திருந்தார் போல, திரை முழுக்க ஒரு கண்ணும் பாதிப் புருவமும்தான் தெரிந்தது.

"இதுவா?" என்று காட்டினேன்.

"இன்னும் கிட்டக் கொண்டு போ... இன்னும். என்ன கலர் அது?"

"பச்சை. உங்களுக்குத் தெரியலையா?"

"வெளிச்சம் பத்தல. நீ விரலால தடவிப் பாரு. நீட்டமா ரெண்டு பட்டை பக்கத்துப் பக்கத்துல நிக்குதா? ரெண்டு முனையிலயும் சின்னக் கொக்கி இருக்கும். அதை வெளிப்பக்கமா அமுக்கு, பட்டை தானா மேல எழும்பும்."

அப்படியே எழும்பியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்து நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. அவரும் சிரித்தார்.

பட்டையின் அடியில் பொன் நிறத்தில் பல் பல்லாக ஒரு வரிசை. அங்கங்கே மங்கிக் கறுத்திருந்தது. பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்க்கச் சொன்னார். நான் பூ வரைகிற டப்பாவிலிருந்து வெள்ளை ரப்பரை எடுத்துத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு போய் மினுங்கியது. ஒரு கையில் போன் இருந்ததால் பட்டையை மடியில் வைத்தே தேய்த்தேன், முடித்ததும் நினைவில்லாமல் தேய்த்த கையைத் தூக்கிக் காட்டினேன்.

"போதுமா, பாருங்க."

"ஆங், நல்லா பளபளன்னு வந்திருச்சு. போதும்."

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். நான் காட்டிக்கொண்டிருந்தது ரப்பரை.

விளையாடுகிறாரோ என்று ஒரு நொடி தோன்றியது. திரையில் அந்தக் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கருவிழி நடுவில், ஒரு சொட்டுப் பால் விழுந்தாற்போல் லேசான வெளுப்பு.

நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. வேலையை முடிப்போம் என்று இருந்துவிட்டேன். இரண்டு பட்டைகளையும் துடைத்து மாட்டினேன். பிளக்கைச் செருகிப் பொத்தானைத் தட்டினால் மறுபடி அதே பீப். "ஒண்ணை மட்டும் போட்டுப் பாரு" என்றார். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒன்றை மட்டும் போட்டேன், வரவில்லை. அதையும் அப்படியே எடுத்துவிட்டு மற்றதைப் பக்கத்துப் பள்ளத்தில் வைத்து, கொக்கி 'டக்' என்று பிடிக்கும்வரை அழுத்தினேன். பொத்தானைத் தட்டியதும் ஒரே ஒரு குட்டி பீப். அவர் அங்கிருந்தே "வந்திருச்சு!" என்றார். நான் திரையைப் பார்ப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். உண்மையிலேயே வந்துவிட்டது, பத்திரிகையும் அப்படியே இருந்தது.

உம்மா "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யப் போனார். நான் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

"மச்சான், நான் உங்ககிட்ட காட்டுனது ரப்பரு."

திரையிலிருந்து அந்தக் கண் விலகியது.

"எத்தனை நாளா இப்படி?"

"எட்டு மாசம் ஆவுது. வலது கண்ணுல புகை மாதிரி வந்துச்சு. இப்ப இடதும் அப்படித்தான். சின்ன ஸ்க்ரூ எல்லாம் தெரியறதில்ல. சத்தத்தையும் கைப்பழக்கத்தையும் வச்சு ஓட்டிக்கிட்டு இருந்தேன். ஒருத்தரோட கம்ப்யூட்டர் போர்டுல சால்டர் பண்றப்ப தப்பான இடத்துல சூடு வச்சிட்டேன். அதுலேருந்து கல்லாகிட்ட நின்னு, வர்றவங்ககிட்ட பேசி அனுப்புற வேலைதான்."

"லீவு தரலன்னு சொன்னீங்களே."

"தந்தாங்க. நான்தான் வேணாம்னேன்." "வந்தா உனக்குத் தெரிஞ்சிரும்ல."

நான் அவரை விதவிதமாகத் திட்டத் தயாராக வைத்திருந்த சொற்களெல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. "கிளம்பி வாங்க" என்று மட்டும் சொன்னேன். வேலை என்ன ஆகும் என்றார். திரும்ப வேலைக்கு எடுக்காமல் போனால் என்றார். நான் எல்லாவற்றுக்கும் அதையே சொன்னேன். "கிளம்பி வாங்க மச்சான்."

அடுத்த மாதம் வந்தார். திருச்சியில் இறங்கிப் பஸ் மாறி மாறிக் காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்தபோது நல்ல மத்தியான வெயில். நான் படிக்கட்டுக்கு எதிரிலேயே நின்றேன். பெட்டியோடு இறங்கியவர் என்னைத் தாண்டி இரண்டு எட்டு போய்விட்டார். "இங்க இருக்கேன்" என்றேன். சத்தம் வந்த பக்கம் சட்டென்று திரும்பினார். அத்தனை பேர் நடுவில் என் கையைப் பிடித்தார். எங்கள் ஊரில், எங்கள் வீட்டில், அப்படியெல்லாம் பழக்கமில்லை. வீடு வரும்வரை நான் கையை எடுக்கவில்லை.

சர்க்கரையால் இந்த வயதிலேயே புரை விழுந்திருக்கிறது என்றார் டாக்டர். ஆபரேஷனுக்கு முன்னால் சர்க்கரை இறங்க ஐந்து வாரம் ஆயிற்று. அந்த ஐந்து வாரமும் அவருக்குச் சோற்றை அளந்துதான் வைத்தேன், அவரும் முனகாமல் சாப்பிட்டார். புதுச்சேரியில் வைத்து முதலில் வலது கண்ணுக்குச் செய்தார்கள். சின்ன ஆபரேஷன்தான் என்று எல்லோரும் சொன்னாலும், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தெரிந்த துஆ ஒன்றுகூட முழுசாக நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் காலையில் கட்டைப் பிரித்தார்கள். நர்ஸ் சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். அவர் படிக்கவில்லை. என் பக்கம் திரும்பி ரொம்ப நேரம் பார்த்தார். முக்காடு கொஞ்சம் விலகியிருந்தது.

"நெத்தியோரம் நரைச்சிருக்கே புள்ள. எப்பலேருந்து?"

"ரெண்டு வருஷமா."

"நீயும்தான் சொல்லல" என்றார்.

நர்ஸ் சிரித்துவிட்டு, சுவரைப் பார்க்கும்படி மறுபடியும் சொன்னார்.