மைக்கில் வாசித்த உபயம்

ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா வீட்டைவிட்டு வெளியே போவதை நிறுத்திவிட்டார். புரோஸ்டேட் ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் சிறுநீரை அடக்குவது அவர் கட்டுப்பாட்டில் இல்லாமல் போயிற்று. கொஞ்ச காலத்தில் சரியாகிவிடும் என்றார் டாக்டர். அந்தக் கொஞ்ச காலம் முடிகிற வழியாக இல்லை. துறைமுகத்திலிருந்து ஈப்போ, ஜொகூர் என்று லோரி ஓட்டிய மனிதர், கிள்ளானில் எங்கள் பிளாட்டின் முன்னறையில், கழிவறைக் கதவுக்குப் பக்கமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். யாராவது வெளியே கூப்பிட்டால், "கால் வலிக்குது லா, நீங்க போங்க" என்பார்.

அவரை மறுபடி வாசலுக்கு வெளியே கொண்டுவந்தது பெரியவர்களுக்கான டயப்பர்தான். அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "சாமான்" என்போம். "சாமான் தீரப்போகுது, சொல்லிட்டியா?" என்று அம்மா என்னிடம் மெதுவாகக் கேட்பார். நான் இணையக் கடையில் சொல்லிவிடுவேன். பழுப்புப் பெட்டியில் வரும். உள்ளே என்ன இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. கடையில் வாங்கினால் அவ்வளவு பெரிய பொட்டலத்தை லிஃப்டில் தூக்கிவர வேண்டும், எல்லோரும் பார்ப்பார்கள் என்பது அப்பாவின் பயம். இணையத்தில் வாங்கினால் ஒருவருக்கும் தெரியாது என்று நான் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை போனவன் நான் ஒருவன்தான். கைப்பேசி, கணினி விஷயத்தில் நான் சொல்வதை அப்பா அப்படியே நம்புவார்.

வீட்டுக்குள் இருந்த அந்தக் காலத்தில் அவருக்குத் துணை செடிகள். பிளாட் வராந்தாவில் கறிவேப்பிலை, பாகற்கொடி, நான்கைந்து வாளிகளில் மிளகாய். கிள்ளான் பள்ளத்தாக்கில் இப்படி வராந்தாவிலும் வேலியோரத்திலும் செடி வளர்க்கும் தமிழர்களுக்கென்று ஓர் இணையதளம் இருந்தது. அதில் 'கிள்ளான் அப்பாவும் மகனும்' என்ற பெயரில் கணக்குத் தொடங்கினேன். அப்பா சொல்வார், நான் தட்டச்சு செய்வேன். அவருடைய பாகற்காய்ப் படத்துக்குச் செலாயாங்கிலிருந்தும் ரவாங்கிலிருந்தும் "சூப்பர் அங்கிள்" என்று பதில் வரும். அதை நான் வாசித்துக் காட்டினால், "சும்மா சொல்றாங்க லா" என்பார். கொஞ்ச நேரம் கழித்து, இன்னொரு தடவை வாசிக்கச் சொல்வார்.

தளத்தை நடத்தியவர் பிரிக்பீல்ட்ஸில் அச்சுக்கடை வைத்திருந்த ஓர் அண்ணன். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் அடிப்பார். திருவிழாக்களில் மைக் பிடிப்பவரும் அவரே. இன்னார் குடும்பத்தார் பூமாலை உபயம், இன்னார் அன்னதான உபயம் என்று கணீரென்று வாசிப்பார். பேர் வாசிக்கப்பட்டவர்கள் கூட்டத்தில் நிமிர்ந்து நிற்பார்கள். அந்தக் குரலுக்காகவே அவரைக் கூப்பிடும் கோயில்கள் உண்டு.

ஒரு நாள் ரவாங்கிலிருந்து எழுதும் ஓர் அக்கா தளத்தில் கேட்டார்: "நான் போட்ட லிங்க் இது இல்லையே?" தேங்காய் நார்த்தூள் விற்கும் கடையின் லிங்கைத்தான் அவர் போட்டிருந்தார். யாராவது அதைத் தொட்டால் முதலில் வேறு ஏதோ ஒரு முகவரிக்குப் போய், அங்கிருந்துதான் கடைக்குப் போகிறது. கடை முகவரிக்குப் பின்னால் ஒரு நீண்ட வால் தொங்குகிறது. தொழிற்சாலையில் கணினிப் பிரிவில் வேலை பார்ப்பவர் என்பதால் அவரே விளக்கமும் எழுதினார். இதன் பெயர் அஃபிலியேட் லிங்க். நம் லிங்கைத் தொட்டு யாராவது எதையாவது வாங்கினால் தளத்துக்குக் கமிஷன் போகும். உறுப்பினர்கள் போடும் எல்லா லிங்கையும் தளம் தானாகவே அப்படி மாற்றிவிடுகிறது. மாற்றுவதாக யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குக் கீழே வந்த பதில்கள் இன்னும் எனக்கு நினைவிருக்கின்றன.

"விலை ஏறலையே அக்கா, அப்புறம் என்ன?"

"சர்வருக்கு யாரு கட்டுறது? நீங்க கட்டுறீங்களா?"

"என்கிட்ட மறைக்க ஒண்ணும் இல்ல. நான் என்ன கஞ்சாவா வளர்க்கிறேன்?"

"ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாம் பாஸ்."

கடைசியாகச் சொன்னவரை மூன்று பேர் சூழ்ந்துகொண்டு, நன்றி கெட்டவர் என்றார்கள். அப்புறம் அண்ணனே வந்தார். "கோயில்ல உபயம் குடுக்கிற மாதிரி நினைச்சுக்குங்க. உங்க பாக்கெட்டுலேர்ந்து ஒண்ணும் போகல, புண்ணியம் மட்டும் உங்களுக்கு."

யார் எதைத் தொட்டார்கள் என்பதும் பதிவாகுமா என்று நான் கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன். "தம்பி படிச்சவரு, சந்தேகம் வரத்தான் செய்யும்," என்று பதில் போட்டார். "எல்லாம் கம்ப்யூட்டர் பாத்துக்கும். மனுசன் யாரும் பாக்க மாட்டான்." அதன் கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக விழுந்தன. ரவாங் அக்கா இன்னும் ஏதோ எழுதத் தொடங்கியதும், "செடியப் பத்திப் பேசுவோம்" என்று அந்த உரையாடலையே பூட்டிவிட்டார்கள்.

சரி, தளத்து லிங்க் ஒன்றைத் தொட்டு வேப்பம் புண்ணாக்கு வாங்கியது தெரிந்தால் தெரியட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். சாமானைத் தளத்து லிங்க் வழியாக நான் வாங்குவதில்லை. புண்ணாக்கு வாங்கிய அதே இணையக் கடைதான், ஆனால் அதன் பக்கத்துக்கு நேராகப் போய்த்தான் வாங்குவேன்.

சில வாரங்களில் உறுப்பினர்கள் நேரில் கூடுவதாக அறிவிப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை, பிரிக்பீல்ட்ஸில் ஒரு சிறிய மண்டபம். விதையும் நாற்றும் மாற்றிக்கொள்ளலாம், சாப்பாடு உண்டு. அப்பாவின் பாகல் விதையைக் கொண்டுவரச் சொல்லி நாலைந்து பேர் கேட்டார்கள். அப்பா ஒரு நாள் யோசித்தார். பிறகு, "ரயில்ல கக்கூசு இருக்கா தம்பி?" என்று கேட்டார். வருகிறார் என்று எனக்குப் புரிந்தது. அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கறுப்புக் கால்சட்டையைத் தேய்த்து வைத்தார். சாமானுக்கு மேலே அதை அணிந்த பிறகு அப்பாவை முன்னறையில் இரண்டு நடை நடக்கச் சொல்லி, பின்னால் நின்று பார்த்தார். "ஒண்ணும் தெரியல. சத்தமும் இல்ல," என்றார்.

மண்டபத்தில் அப்பா வேறு ஆளாக இருந்தார். "பாகற்காய் அங்கிள் வந்துட்டாரு!" என்று யாரோ கூவினார்கள். விதைப் பொட்டலங்களை ஒவ்வொருவர் கையிலும் வைத்து, "ஊற வெச்சுப் போடுங்க" என்றார். கிளம்பும்போது ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காதவர், அங்கே யாரோ நீட்டிய தேநீரை வாங்கிக் குடித்தார். வெளியிடத்தில் அவர் எதையாவது குடித்து எவ்வளவு காலம் ஆகியிருந்தது! நான் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டேன்.

சாப்பாட்டுக்கு முன்னால் அண்ணன் மைக்கைப் பிடித்தார். தளம் இந்த வருடம் நன்றாக ஓடியதற்குக் காரணமான உபயதாரர்களுக்கு நன்றி சொல்லப் போவதாகச் சொன்னார். எல்லோரும் கை தட்டினோம்.

"செலாயாங் அக்கா, பூச்சட்டி அரை டஜன்!"

அந்த அக்கா எழுந்து கும்பிட்டார்.

"கம்போங் மேடான் தம்பி! மண்புழு உரம். அதோட என்னது இது, முகப்பரு கிரீமு! தம்பி, பொண்ணு பாக்கப் போறீங்களா?"

மண்டபம் சிரித்தது. அந்தப் பையன் கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டான். முகப்பரு கிரீமுக்கும் செடித் தளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நான் யோசிப்பதற்குள் அடுத்த பேர் வந்துவிட்டது.

"நம்ம கிள்ளான் அப்பாவும் மகனும்! வேப்பம் புண்ணாக்கு. அப்புறம், பெரியவங்க போடுற டயப்பர், எக்ஸ்ட்ரா லார்ஜ்! இது அப்பாவுக்கா, மகனுக்கா?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று பிறகு பலர் எனக்கு எழுதினார்கள். இருக்கலாம். திருவிழாவில் பூமாலையை வாசிக்கிற அதே குரல், அதே இழுப்பு. கூட்டம் சிரித்தது. சற்று முன் அப்பாவிடம் விதை வாங்கியவர்கள் அந்தப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தார்கள். அப்பா சிரிக்கவுமில்லை, தலை குனியவுமில்லை. ஒரு கையில் தேநீர்க் கோப்பை. இன்னொரு கையால் கால்சட்டையின் முன்பக்கத்தை மெல்லத் தொட்டுப் பார்த்தார். நனைந்திருக்கிறதா என்று.

நான் எழுந்தேன். "எனக்குத்தான் அண்ணே."

"என்னது தம்பி?"

"எனக்குத்தான் அது. நான்தான் போட்டுக்கிறேன். வேற என்னென்ன வாங்கினேன்? அதையும் வாசிங்க."

பின்வரிசையில் ஓர் ஆன்டி, "ஐயோ பாவம், இந்த வயசுலயா" என்றார். அண்ணன் "சரி சரி, ஜோக்கு, ஜோக்கு" என்று அடுத்த பேருக்குப் போனார். கோப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு, "போலாம்" என்றார் அப்பா.

கிள்ளானுக்குத் திரும்பும் ரயிலில் இருக்கைகள் காலியாக இருந்தும் அவர் நின்றுகொண்டே வந்தார். "அவன் எப்படிக் கண்டுபிடிச்சான்?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அப்போது சரியாகத் தெரியவில்லை. ரவாங் அக்காவிடம் கேட்டுத்தான் பிறகு சொன்னேன். புண்ணாக்கு லிங்கைத் தொட்ட அன்று என் கைப்பேசியில் ஓர் அடையாளம் ஒட்டிக்கொண்டது. அது இருக்கும்வரை அந்தக் கடையில் நான் எதை வாங்கினாலும் தளத்தின் வழியாக வாங்கியதாகவே கணக்கு. யாருக்கு நன்றி சொல்வது என்று தெரிவதற்காக அண்ணன் ஒவ்வொரு லிங்கோடும் உறுப்பினர் பெயரையும் சேர்த்து அனுப்பச் செய்திருந்தார்.

அப்பா கேட்டுவிட்டுச் சொன்னார்: "ரோட்டுல நிக்கிறானேன்னு ஒருத்தன லோரியில ஏத்தினா, எறங்காம வீட்டுக்குள்ளயே வந்து படுத்துக்கிட்டான்ங்கிற."

மறுநாள் தளத்தில் மன்னிப்பு வந்தது. யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறாராம். இருந்தால்! கீழே வந்தவை அதைவிட மோசம். அண்ணன் நமக்காக எவ்வளவு செய்கிறார் என்றார் ஒருவர். டயப்பரில் என்ன வெட்கம், வெட்கப்படும் மனநிலைதான் மாற வேண்டும் என்று ஒருவர் நீளமாக எழுதினார். அவர் வீட்டுச் சாமானை யாரும் வாசிக்கவில்லை. சிறுநீரை அடக்கும் உடற்பயிற்சி வீடியோ ஒன்றை எங்கள் பெயரைக் குறிப்பிட்டே பகிர்ந்தார் ஓர் அங்கிள். "அந்த டயப்பர் நல்லா இருக்கா? என் மாமியாருக்கு வேணும்," என்று ஓர் அக்கா கேட்டார். யாரோ உதவி மனப்பான்மையோடு லிங்க் போட்டார்கள். விரலை வைத்துப் பார்த்தேன். அதிலும் அதே நீண்ட வால்.

அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டவர் ரவாங் அக்கா ஒருவர்தான். கம்போங் மேடான் பையன் சொல்லாமல் கொள்ளாமல் விலகிவிட்டான்.

எங்கள் கணக்கை அழிக்கச் சொல்லி எழுதினேன். கணக்கை எடுத்துவிடலாம், பதிவுகள் எல்லோருக்கும் சொந்தம், அவை இருக்கும் என்று பதில் வந்தது. நாங்கள் வாங்கியவற்றின் விவரம்? "அது எங்ககிட்ட இல்ல தம்பி, கம்பெனிகிட்ட இருக்கு." எந்தக் கம்பெனி என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அப்பாவின் படங்களை நானே ஒவ்வொன்றாகத் திறந்து அழித்தேன். பாகற்காய், மிளகாய், வாளிக்குப் பின்னால் சட்டையில்லாமல் சிரிக்கும் அப்பா. "சூப்பர் அங்கிள்" என்ற பதில்களை மட்டும் என்னால் அழிக்க முடியவில்லை. அவை அடுத்தவர்கள் எழுதியவை.

அப்பாவுக்கு மறுபடி கால் வலி வந்தது. செடிக்கு அம்மா தண்ணீர் ஊற்றினார். மாமா வீட்டுக் கல்யாணத்துக்கு அம்மாவும் நானும் மட்டும் போய்வந்தோம். அதற்குப் பிறகு நான் அவரிடம் எதையும் விளக்கவில்லை. இணையத்தில் ஒருவருக்கும் தெரியாது என்று சொன்ன அதே வாயால் இனி எதைச் சொன்னாலும் எனக்கே கூசியது.

சாமான் தீர்ந்துகொண்டு வந்தது. இனி இணையத்தில் வாங்கப் போவதில்லை, மருந்துக்கடைக்கு நேரில் போகிறேன் என்று ஒரு சனிக்கிழமை காலையில் அம்மாவிடம் சொன்னேன். முன்னறையிலிருந்து குரல் வந்தது. "நானும் வரேன். காடியிலயே இருக்கேன்."

கடைக்கு எதிரே காரை நிறுத்தினேன். அப்பா தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னிருக்கையில் இருந்தார். உள்ளே கவுண்டரில் ஒரு மலாய்ப் பெண். பொட்டலத்தைக் கருவியில் காட்டிவிட்டு, "மெம்பர் அடா, அபாங்?" என்றாள். உறுப்பினரா என்று கேட்கிறாள். இல்லை என்றேன். போன் நம்பர் சொன்னால் போதும், இப்போதே சேர்த்துவிடலாம், பாயிண்ட் கிடைக்கும் என்று சிரித்தாள். அவள் வேலை அது. விரல் எண்களின்மேல் காத்திருந்தது. வேண்டாம் என்று தலையாட்டினேன். "ருகிலா அபாங்," நஷ்டம்தான் உங்களுக்கு, என்றாள். நோட்டை நீட்டி, கறுப்புப் பையில் போடச் சொன்னேன்.

காருக்குள் ஏறியதும் அப்பா பையை வாங்கிக் காலடியில் வைத்துக்கொண்டார்.

"பேரு கேட்டாங்களா?"

"போன் நம்பர் கேட்டாங்க."

"குடுத்தியா?"

"இல்லப்பா."

அவர் கடையின் கண்ணாடிக் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பெண் அடுத்த ஆளிடம் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஆள் நம்பரைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாசாருக்கு விடு," என்றார் அப்பா. "அம்மா மீன் கேட்டுச்சு. நான் எறங்கிப் பாத்து வாங்குறேன், உனக்கு மீன் பாக்கத் தெரியாது."