துவாயில் சுற்றிய பல்

பிழைக்க வந்த ஐரோப்பியத் தீவில், பிரான்காச்சோ போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் அமர்ந்தவரின் நகங்களில் மண், மடியில் துவாய்ப் பொட்டலம். வண்டி குலுங்கும்போதெல்லாம் அதை அணைத்துக்கொண்டார். களவுப் பொருள்தான் என்று நினைத்தேன்.

"தம்பி, தமிழோ?" என்று துவாயை விலக்கினார். "யானைப் பல்லு. முந்தி இஞ்சை கண்டுக்குட்டி அளவிலை யானை இருந்ததாம். தோட்டத்திலை கிடங்கு வெட்டேக்கை வந்தது."

பல்லின் வரிகளில் குங்குமம் அப்பியிருந்தது.

"பிள்ளையாரெல்லோ!" என்றார்.

"மியூசியத்திலை குடுங்கோ."

"பேர் கேப்பினம். என்னட்டை இஞ்சை இருக்கிறதுக்கான பெர்மெசோப் பேப்பர் இல்லை. உங்கடை பேரிலை குடுப்பியளோ?"

என்னை மாட்டிவிடப் பார்க்கிறார் என்று பட்டது. "ஏலாது" என்று அடுத்த தரிப்பிலேயே இறங்கிவிட்டேன்.

போன மாதம் மகளோடு மியூசியம் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பல். வரிகளின் இடுக்கில் இன்னும் சிவப்பு. கீழே எழுதியிருந்ததை மகள் வாசித்தாள்: "கண்டெடுத்தவர் பெயர் தெரியாது."

எனக்கும் தெரியாது. நான் கேட்கவேயில்லை.