பிரெஞ்சிலேயே இரு என்றேன்

அறுபதுகளில் விழுப்புரத்துக்காரனான நானும் திண்டிவனத்து ஏழுமலையும் சென்னைக் கல்லூரியில், மார்க் நிறைய வரும் என்று பிரெஞ்சு எடுத்தோம். இருவருக்கும் வரவில்லை. மார்க்கில் கடைசி மாணவனை வாத்தியார் எழுப்பி வாசிக்கச் சொல்வார்; வகுப்பே சிரிக்கும். ஏழுமலைதான் கடைசி, அவனுக்கு முந்தையவன் நான்.

மொழி மாற்றிக்கொள்ளும் கெடு முடிவதற்குமுன், ஊருக்குப் போகும் ரயிலில் கேட்டான்: "தமிழுக்கே மாறிக்கினு போயிடட்டுமாடா?"

"பைத்தியமா ஒனக்கு? நான் சொல்லித் தர்றேன், இரு."

அவன் போனால் என்னைப் பார்த்துச் சிரிப்பார்களே என்றுதான் சொன்னேன். சொல்லித் தரவில்லை. அவன் வாசித்தபோது நானும் சிரித்தேன்.

பிரெஞ்சில் மட்டும் தோற்றான். "மல்லாட்டை வெதைக்க எந்த பாஷையும் வாணாம், வாடா" என்று நிலக்கடலை விவசாயியான அவன் அப்பா விடுதியிலிருந்து இழுத்துப் போனார்.

"நீயாவது பாஸாயிட்டியே, போதும்டா" என்றான் ஏழுமலை.

இப்போது யோசனை கேட்கும் பிள்ளைகளிடம், அதில் என் ஆதாயம் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏழுமலையிடம் மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.