கைத்தாங்கல்

"சல் மேரி மா, முட் ஜா. தோடா சா. பஸ், பஸ்..."

சூடான பித்தளைக் குழாயின் மேல் ஒரு சீசம் மரப்பட்டியை அழுத்திப் பிடித்தபடி வளைந்து கொடு தாயே, கொஞ்சமே கொஞ்சம் என்று இசக்கிசெல்வி இந்தியில் கெஞ்சிக்கொண்டிருக்கிறார். பட்டியின் அகலம் சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லை. நனைந்த மரத்திலிருந்து ஆவி எழும்புகிறது. அவசரப்பட்டால் ஒடியும், தயங்கினால் கருகும்.

"தமிழ்ல சொன்னா வளையாதாக்கா?" என்று கேட்டேன்.

"எங்க வீட்ல மூணு பேரு கெடக்கு. ஒண்ணாவது நான் தமிழ்ல சொல்லிக் கேட்டிருக்கா? பம்பாய்க்கு வந்ததுக்கெல்லாம் இந்திதான் வெளங்குது."

சொல்லி முடிப்பதற்குள் பட்டி வளைந்துவிட்டது. அதைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்து, "ஷாபாஷ்" என்று சொல்லி, ஒரு அச்சில் வைத்துக் கட்டினார். அடுத்த பட்டியை எடுத்தார். மறுபடியும் "சல் மேரி மா."

தாராவியில், தகர டப்பா நசுக்குகிற ஒரு பட்டறைக்கு மேல்தளத்தில், இரும்பு ஏணி ஏறிப் போனால் எட்வினின் கிட்டார் பட்டறை. வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கிட்டார்கள், எல்லாம் கையால் செய்பவை. இசக்கிசெல்வி அங்கே செய்வது ஒரே ஒரு வேலை. கிட்டார் வாசிப்பவரின் வலது முன்கை பெட்டியின் மேல் வளைவில் சாய்ந்து இருக்கும். அங்கே இருப்பது மேசை விளிம்பு மாதிரி ஒரு கூரான ஓரம். அரை மணி நேரம் வாசித்தால் கையில் கோடு விழும். அந்த ஓரத்தைச் சரிவாகச் சீவி, சரிவின் மேல் காகிதம் போன்ற மரத்தோலை ஒட்டி, சுற்றிலும் இந்தச் சீசம் பட்டியைப் பதித்துக் கரை கட்டுவார். எட்வின் இதை "பெவல்" என்பார். இசக்கிசெல்விக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. அவர் வைத்த பெயர் கைத்தாங்கல்.

நாற்பத்தாறு வயது. மெலிந்த, நீண்ட கைகள். பட்டறைக்கு எண்ணெய்ப் பண்டம் எதுவும் கொண்டுவர மாட்டார், மற்றவர்களையும் கொண்டுவர விடமாட்டார். விரலில் எண்ணெய் இருந்தால் பசை பிடிக்காதாம். மத்தியானத்துக்கு நனைத்த அவல்தான். கிட்டாரில் எத்தனை கம்பி என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வார். அவர் கைக்கு வரும்போது கம்பி இருக்காது. கம்பி கட்டும்போது அவர் அடுத்த பெட்டிக்குப் போயிருப்பார்.

இதற்கு முன் பத்தொன்பது வருஷம் தோல் பை தைக்கிற இடத்தில் இருந்தார். பையின் ஓரத்தில் வைத்துத் தைக்கிற உருண்டைத் தோல் பட்டியை, அதாவது பைப்பிங்கை, மூலையில் திருப்புவதுதான் வேலை. ஒருநாள் கிட்டாருக்குத் தோல்வார் வாங்கப் போன எட்வின், சுருக்கமே விழாமல் மூலை திரும்பியிருந்த ஒரு பையைக் கையில் எடுத்து, இதைத் தைத்தது யார் என்று கேட்டார். அந்தச் சமயம் அவர் பட்டறையில் வளைவுக்கு வளைவு பட்டி ஒடிந்துகொண்டிருந்தது. "தோலு கேக்கும், மரம் கேக்காதுன்னு சொன்னாரு அண்ணாச்சி. கேக்குற மாதிரி சொன்னா எல்லாம் கேக்கும்னேன்." இசக்கிசெல்வி சொல்வது இது. அவர் கிட்டார் பட்டறைக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது.

நான் அங்கே போனது என் கைக்காக.

நான் டோம்பிவிலியிலிருந்து மாட்டுங்காவுக்கு ஆபீஸ் போகிறவள். போன வருஷம் ஒரு காலையில், நகர ஆரம்பித்த லோக்கல் ரயிலின் வாசலிலிருந்து கூட்டம் என்னைப் பிதுக்கி வெளியே தள்ளிவிட்டது. பிளாட்பாரத்தில் வலது கையை ஊன்றி விழுந்தேன். முன்கை எலும்பு இரண்டாக ஒடிந்தது. இப்போது உள்ளே ஒரு தகடும் ஏழு ஸ்குருவும் இருக்கின்றன. சோறு பிசையலாம், கம்ப்யூட்டரில் தட்டலாம். கிட்டாரை மடியில் வைத்துக் கை சாய்த்தால் மட்டும் தகட்டின் மேல் அந்த விளிம்பு ஏறி, உயிர் போகும். பதினாலு மாதம் கிட்டார் சுவரில் தொங்கியது. எட்வினே பதினோரு வருஷத்துக்கு முன் எனக்குச் செய்து கொடுத்தது. வேறு கிட்டாரை நான் தொட்டது கிடையாது.

எட்வின் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "இதுல முடியாது சிஸ்டர். புதுசு கட்டும்போதே உள்ள கட்டை வெச்சு ஒட்டுவோம், அப்பறந்தான் சீவுவோம். இதுல உள்ள ஒண்ணும் கெடையாது. சீவினா ஓட்டை விழுந்துரும். வேற ஒண்ணு செஞ்சு தர்றேன்."

இசக்கிசெல்வி தன் இடத்திலிருந்து எழுந்து வந்தார். கிட்டாரைப் பார்க்கவில்லை. என் கையை எடுத்து, தழும்பை ஒட்டி விரலால் அழுத்திக்கொண்டே போனார்.

"இங்கன வலிக்கா?"

"இல்ல."

"இங்கன?"

நான் பல்லைக் கடித்தேன். அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து என் தோலின் மேலேயே ஒரு கோடு போட்டார். பிறகு கிட்டாரின் வட்ட வாய்க்குள் தன் கையை விட்டார். முழங்கை வரை உள்ளே போயிற்று.

"அண்ணாச்சி, ஒங்க கை போவாது. எங் கை போவுது. கட்டையை உள்ள வெச்சிரலாம்."

"ஒடஞ்சா?" என்றார் எட்வின்.

இசக்கிசெல்வி என்னைப் பார்த்தார். "ஒடஞ்சா ஒடஞ்சதுதான் மேடம். முன்னாலயே சொல்லிட்டேன். வேண்டாம்னா எடுத்துட்டுப் போயிருங்க."

சுவரில் தொங்கும்போதும் அது பாதி உடைந்த மாதிரிதான் எனக்குத் தோன்றியிருந்தது. செய்யுங்கள் என்றேன்.

அதன்பிறகு சனிக்கிழமை தோறும் போனேன். கட்டையை ஒரே துண்டாக உள்ளே நுழைக்க முடியாது. புளியங்கொட்டையை விடக் கொஞ்சம் பெரிதாகப் பதினாலு துண்டுகள் சீவி வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் பசை தடவி, உள்ளே கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு இடம் தேடுவார். உடைந்த ஸ்பீக்கர்களிலிருந்து எடுத்த காந்தங்கள் ஒரு டப்பா நிறைய இருந்தன. உள்ளே துண்டின் மேல் ஒன்று, வெளியே துணி வைத்து ஒன்று. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு துண்டை இறுக்கிப் பிடிக்கும். ஒருநாளைக்கு ஒன்றுதான் ஒட்டுவார். "ஜல்தி பண்ணுனா ஒண்ணு இன்னொண்ணத் தள்ளிரும்."

மூன்றாவது சனிக்கிழமை சீவினார். நான் பார்க்காமல் ஏணிப்பக்கம் திரும்பி நின்றேன். ஓட்டை விழவில்லை.

சிக்கல் கரை கட்டும்போது வந்தது. என் கிட்டார் செய்த வருஷத்துச் சீசத்தில் எட்வினிடம் மிச்சம் இருந்தவை நாலே பட்டி. வேறு எதுவும் நிறம் சேராது. பக்கவாட்டுக் கரைக்கு முதல் பட்டி ஒழுங்காகப் போய் உட்கார்ந்தது. மேல்கரைக்கு இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் வளைய வேண்டும். இரண்டாவது பட்டி ஒடிந்தது. மூன்றாவதும் ஒடிந்தது. இந்தியில் கெஞ்சியதெல்லாம் பலிக்கவில்லை. எட்வின் கீழே இறங்கிப் போய்விட்டார்.

இசக்கிசெல்வி குழாயைச் சூடேற்றும் அடுப்பை அணைத்தார். கடைசிப் பட்டியை மடியில் வைத்து, முனையிலிருந்து முனைவரை விரலால் தடவினார். பிறகு தன் பழைய தோல் சீவும் கத்தியைப் பையிலிருந்து எடுத்து, வளையவேண்டிய இடத்தில் மட்டும், உள்பக்கமாக, மயிரிழை மயிரிழையாகச் சீவ ஆரம்பித்தார்.

"தோலச் சீவாம மடிச்சா சுருக்கம் விழுந்திரும். இதுவும் அந்தக் கழுத மாதிரிதான் போலுக்கு. இத்தன வருசமா எனக்குத் தோணலியே."

குழாய் மறுபடி சூடேறியது. இந்த முறை அவர் எந்த மொழியிலும் பேசவில்லை. பட்டி ஒரு சத்தமும் இல்லாமல் வளைந்து, சரிவின் ஓரத்தில் போய்ப் படிந்தது. அதன் மேல் ரப்பர் டியூப் கீற்றுகளைச் சுற்றி இறுக்கிய பிறகுதான் அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

அன்றைக்கு நன்றி சொல்ல வாயைத் திறந்து வேறெதையோ சொன்னேன். விழுந்த அன்று ரயிலிலிருந்து மூன்று பெண்கள் எனக்காகக் குதித்து இறங்கினார்கள். கைத்தாங்கலாக என்னை ஆட்டோவில் ஏற்றி, ஆஸ்பத்திரி வரை வந்து, என் தங்கை வந்து சேரும்வரை இருந்துவிட்டுப் போனார்கள். மூன்று பேருக்கும் அன்றைய வேலை கெட்டிருக்கும். பெயர் கேட்கவில்லை. ஒருத்தி பச்சைக் கண்ணாடி வளையல் போட்டிருந்தாள், அவ்வளவுதான் ஞாபகம். பல மாதம் பெண்கள் பெட்டியில் வளையல்களாகப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

இசக்கிசெல்வி கேட்டுக்கொண்டே மேசையைத் துடைத்தார். "அவளுவ ஒன்னத் தேடிட்டா இருக்காளுவ? எறங்கணும்னு தோணிச்சி, எறங்குனாளுவ. நீ நல்லாருந்தா போதும் அவளுவளுக்கு." மேடம் என்பது எப்போது "நீ" ஆயிற்று என்று நான் கவனிக்கவில்லை.

மெழுகேற்றிக் கம்பி கட்டியது அதற்கு இரண்டு வாரம் கழித்து. மத்தியான வேளை. கீழே டப்பா நசுக்குகிற இயந்திரம் சாப்பாட்டுக்காக நின்றிருந்தது. எட்வின் சுருதி சேர்த்துக் கிட்டாரை என்னிடம் கொடுத்துவிட்டு, எனக்கு முதுகு காட்டி எதையோ அடுக்குவதுபோல் நின்றார். மேல்கரை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தடவிப் பார்த்தேன், விரலுக்குத் தெரியவில்லை. ஆனால் மடியில் வைத்த பிறகு என் வலது கை கீழே இறங்க மறுத்தது. வலிக்கும் என்று பதினாலு மாதம் பழகிய கை. மரத்துக்கு ஒரு சாண் உயரத்தில், அந்தரத்தில் நின்றது.

"கைய வையிட்டி" என்றார் இசக்கிசெல்வி.

"முடியலக்கா."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். என் சட்டைக் கையை முழங்கை வரை மடித்து விட்டார். தழும்புள்ள முன்கையை இரண்டு கைகளாலும் ஏந்தி, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல் அந்தச் சரிவின் மேல் கிடத்தினார். பிறகு தன் உள்ளங்கையை அதன் மேல் வைத்து, என் கையின் பாரம் முழுவதும் மரத்தில் இறங்கும்வரை எடுக்காமல் இருந்தார்.