எனிட் வீட்டு ஓதம்

இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் பள்ளிக்கூடச் சமையல்காரியான எனிட், விக்டோரியா ராணி காலத்து வீடுகளை வாங்கிச் செப்பனிட்டு வாடகைக்கு விடுபவள். மூன்றாவதாக வாங்கிய வீட்டின் முன்னறைச் சுவரில் இடுப்பளவு ஓதம் ஏறியிருந்தது. கான்டிராக்டர் கிளிஃப், ஈரம் பார்க்கும் கருவியைச் சுவரில் அழுத்தினான். அது வீலென்று கத்தியது.

"ஓதம் மேல ஏறாம இருக்க, சுவர் பூரா துளை போட்டு மருந்து ஏத்தணும்க்கா. இல்லேன்னா தவளைக்குத்தான் வாடகைக்கு விடணும்."

அவனை அனுப்பிவிட்டு எனிட் வெளியே போய்ப் பார்த்தாள். ரோஜா வளர்க்கும் ஆசையில் எந்தப் புண்ணியவானோ சுவரை ஒட்டி முழங்கால் உயரத்துக்கு மண்ணைக் கொட்டி, சுவரின் அடியிலிருந்த காற்றுத் துளைகளையும் மூடி வைத்திருந்தான். அந்த மண்ணின் ஈரம்தான் சுவரில் ஏறியிருந்தது. நாலு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியும் கையுமாக நின்று அவ்வளவையும் வெட்டி அள்ளினாள்.

கோடை முடிவில் கிளிஃப் வந்து அதே சுவரில் கருவியை வைத்தான். சத்தமில்லை. இன்னோர் இடத்தில் வைத்தான். அங்கேயும் இல்லை. கருவியைத் தட்டிப் பார்த்தான்.

"பேட்டரி போயிருச்சுபோல."

எனிட் அதைப் பிடுங்கி, வியர்த்திருந்த அவன் உள்ளங்கையில் அழுத்தினாள். வீலென்று கத்தியது.

"கருவி நல்லாத்தான் இருக்கு தம்பி. இப்ப சொல்லு, துளை எங்கே போடணும்?"