பன்னிரண்டாவது கட்டை

மரக்கட்டையில் உளி வேலை முடிந்ததும் கன்னையா இடுப்பிலிருந்து சவரக் கண்ணாடியை எடுத்து அதற்கெதிரே பிடிப்பார். செதுக்கியது அச்சில் இடம் வலமாக மாறி விழும். கண்ணாடியில் பார்த்தால்தான் உருவம் சரியா என்று தெரியும். "மூக்கு வந்துருச்சுன்னா ஆளு வந்துருவான்" என்று கண்ணாடிக்குள் இருப்பவனிடம் சொல்லிவிட்டு மரத்தூளை ஊதுவார்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு தமிழ் அச்சகத்தின் பின்கட்டில் அவருக்கு வேலை. நாடக நோட்டீசுக்கு ராஜபார்ட், தலைத்தைல நோட்டீசுக்கு அடர்ந்த முடியோடு சிரிக்கும் ஆள் எல்லாம் அவர் கைவண்ணம். அவர் தலையில் எண்ணி ஒன்பது மயிர் இருக்கலாம். யார் எதைக் கேட்டாலும் "போலே லா" என்பார். முடியும் என்று பொருள்படும் அந்த மலாய்ச் சொல்லால்தான் கப்பலிறங்கி இருபது வருஷத்தை ஓட்டிவிட்டார்.

ஓய்வு நேரத்தில், தம்மோடு கப்பலில் வந்தவர்களை உள்ளங்கை அகலக் கட்டைகளில் செதுக்கிவந்தார். நோட்டீஸ் வாங்க வந்த ஒரு வெள்ளைக்காரர் கண்ணில் அவை பட்டன. அவர் மியூசியத்துத் துரை. 'கடல் கடந்து வந்தோர்' என்று ஒரு கண்காட்சி வைப்பதாகச் சொல்லிப் பன்னிரண்டு படம் கேட்டார்.

"போலே லா, தொரே."

பன்னிரண்டாவது படம் வீரம்மாவுடையது. செந்தூல் கூலி லைன் வீடுகளில் இருப்பவள். கரையிறங்கியதும் எல்லாரையும் அடைத்துவைக்கும் கொரண்டைன் முகாமில், காய்ச்சல் கண்ட மகள் பவுனு அவள் மடியிலேயே போய்விட்டாள். குழந்தைக்குப் போட்டோ கிடையாது. வீரம்மா ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து உட்கார்ந்து சொல்வாள்: "மூக்கு இன்னும் கொஞ்சம் சப்பைண்ணே." கன்னையா மூன்று கட்டைகளை வீணாக்கினார். நாலாவதைக் கண்ணாடியில் பார்த்தவள் எழுந்து வெளியே போய்விட்டாள். மூக்கு வந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது.

திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் மியூசியத்தில் கணக்கெழுதும் கிராணி ராதாகிருஷ்ணன் வந்தார். "அந்தச் செத்த புள்ள படம் வேணாமாம். பெரிய எடத்து அம்மாமாரெல்லாம் வராங்க, மனசு சங்கடப்படும். ரப்பர் மரத்துல பால் வெட்டுற பால்மரக்காரன் ஒருத்தன், சிரிக்கிற மாதிரி போட முடியுமா?"

"போலே லா."

தைல நோட்டீஸ்காரனின் சிரிப்பை அப்படியே எடுத்து, முடியை மறைக்க ஒரு தலைப்பாகை கட்டிவிட்டார். அரை நாள் வேலை. செந்தூலுக்குப் போய் வீரம்மாவிடம் விஷயத்தைச் சொல்லத்தான் இரண்டு நாளும் போதவில்லை.

மியூசியத்தில் படங்கள் பாடம்பண்ணிய முதலைக்குப் பக்கத்தில் தொங்கின. உள்ளங்கைப் படத்துக்கு முழ நீளச் சட்டம். முதலைக்கு அட்டையில் இங்கிலீஷில் ஒன்று, லத்தீனில் ஒன்று என்று இரண்டு பெயர் எழுதியிருந்தது. படங்களில் இருந்தவர்களுக்கெல்லாம் சேர்த்து 'தமிழ்க் கூலிகள்' என்று ஒன்று. பெரிய இடத்து அம்மாள் ஒருத்தி சிரிக்கும் பால்மரக்காரன் முன்னால் நெடுநேரம் நின்று உச்சுக்கொட்டினாள்.

துரைமார் நகர்ந்த பிறகு, மற்றவர்களை உள்ளே விட்டார்கள். மஞ்சள் சேலை கட்டி, அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்த வீரம்மா, முதல் படத்திலிருந்து கடைசிவரை நடந்தாள். திரும்பவும் நடந்தாள்.

"எம்புள்ள எங்கண்ணே?"

கன்னையா சட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து ராதாகிருஷ்ணன் வாசல் மேஜையிலிருந்து கூப்பிட்டார். "கன்னையாண்ணே, இந்தப் புக்குல ஒரு கையெழுத்து. படம் போட்டவர் இல்லியா?"

பார்வையாளர் புத்தகத்தின் ஒரு பக்கத்தில் துரைமார் கையெழுத்துகள் வரிசையாக இருந்தன. அடுத்த பக்கம் காலி. கன்னையா பேனாவை வாங்கிக் கீழே வைத்தார். சட்டைக்குள்ளிருந்து எண்ணெய்த்தாள் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். காலையிலேயே மை தடவி எடுத்து வந்த கட்டை. எதற்கென்று கேட்டிருந்தால் அப்போது அவருக்கே தெரிந்திருக்காது. அதைக் காலிப் பக்கத்தில் கவிழ்த்து, இரண்டு உள்ளங்கையாலும் உடம்பு பாரத்தைக் கொடுத்து அழுத்தினார்.

"ஐயோ அண்ணே! கவர்மெண்டு புக்கு! தொர கேட்டா நான் என்ன சொல்றது?"

கட்டை எழும்பியது. பக்கத்தின் நடுவே பவுனு தாயின் மடியில் கிடந்தாள்.

வீரம்மா வெகுநேரம் குனிந்து பார்த்தாள். "கையெழுத்துப் போடணும்னியே கிராணி" என்றாள். கட்டை விளிம்பில் மிச்சமிருந்த மையில் கட்டைவிரலைத் தோய்த்து, குழந்தையின் காலடியில் ஊன்றினாள்.